முந்தி வந்த ஒளி

ஜெர்மனியில் எங்கள் கொலோன் நகரத்தில் பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுவர வேண்டும். என் பிறந்தநாளன்று நான் மறந்துவிட்டேன். என் மாணவி வீப்கே பிளம்ஸ் கேக் செய்து வந்து, நான் கொண்டுவந்ததாகச் சொல்லி மேஜையில் வைத்தாள்.

"புரொபசர் கையிலேருந்து கேக்கா! இன்னைக்கு ரைன் ஆறு மேல்நோக்கித்தான் ஓடும்," என்றார் எங்கள் ஆய்வக மெக்கானிக் யோகென்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல பெண், ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

சீசியம் ஆவி நிரம்பிய குழாய்க்குள் ஓர் ஒளித்துடிப்பை அனுப்புவோம். அதன் உச்சி உள்ளே நுழையும் முன்பே மறுமுனையில் வெளியே வந்துவிடும். செய்தியையும் அப்படி ஒளியை முந்தி அனுப்பலாம் என்று மாநாட்டில் அறிவிக்க இருந்தேன். என் வாழ்நாள் உழைப்பு அது.

மற்றவர்கள் போனபின் வீப்கே மெதுவாகச் சொன்னாள்: "துடிப்பைப் பாதியிலயே வெட்டிப் பார்த்தேன், புரொபசர். உச்சி உள்ள போகவே இல்ல. ஆனாலும் வெளிய வந்துச்சு. முன்னாடி வர்ற மங்கல் ஒளிய வெச்சே ஆவி அதைச் செஞ்சுடுது. வெட்டிட்டேங்கிற சேதி மட்டும் ஒளியோட வேகத்துலதான் வந்துச்சு. நாளைக்கு இன்னொரு தடவை பார்த்துட்டு நாமளே தப்புன்னு சொல்லிடலாம். யாரும் சிரிக்க மாட்டாங்க."

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள்; இங்கே யானை வரவே இல்லை. மணியோசையை வைத்தே ஆவி யானையைச் செய்திருக்கிறது. அவள் சொன்னது சரி என்று உடனே புரிந்தது. அவள் இன்னொரு தடவை பார்க்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எங்கள் லேசர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கதிரை மறைத்திருக்கும் ஷட்டரைத் திறப்பவர் "கண்!" என்று குரல் கொடுத்து, பதில் வந்த பிறகே திறப்பது வழக்கம். மறுநாள் காலை, கதிரைத் திருப்பும் ஆடியில் இருந்த கீறலைப் பார்க்க வீப்கே காப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள்.

"ஷட்டர் மூடியிருக்கா, புரொபசர்?"

"மூடியிருக்கு."

பிறகு திறந்தேன். குரல் கொடுக்கவில்லை.

"இடது கண்ணுல என்னமோ கரும்புள்ளி தெரியுது," என்றாள். ஆடியில்தான் கறையோ என்று வலது கண்ணை அதே இடத்துக்குக் கொண்டுபோனாள். ஒளி வேகமானதுதான். ஆனால் ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் நடுவே ஒரு சொல் சொல்லத் தாராளமாக நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

அவளுடைய அளவீடுகளை அன்றே அழித்துவிட்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் அவளைப் பார்க்கப் போகிறேன். கேக்கைத் துண்டாக்கி, முள்கரண்டியை அவள் கையில் வைக்கிறேன். "உங்களுக்கு எவ்வளவு சிரமம், புரொபசர்," என்கிறாள்.

போன வாரம் கேட்டாள்: "அன்னைக்கு ஷட்டர் மூடித்தானே இருந்துச்சு?"

மூடித்தான் இருந்தது என்றேன். அவளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, ஐயா. அவள் கேட்ட நொடியில் அது மூடித்தான் இருந்தது.