நகராத பொருள்

கைய எறக்காதீங்க சார்... அப்படியே, அப்படியே. குண்டூசி நெறைய குத்தி வச்சிருக்கேன், அசைஞ்சா நான் பொறுப்பில்ல. என்ன கேட்டீங்க, எப்ப முடியும்னா? முடியும் சார். கோட்டு தைக்கறது என்ன கோபுரம் கட்டற வேலையா, வருஷக்கணக்கா இழுக்க? இந்த வீட்டுல நிம்மதியா உக்காந்து தைக்க விட்டாத்தானே... எல்லாத்துக்கும் எங்க வீட்டுக்காரரு எழுதற அந்த இங்கிலீசு பரீட்சைதான் காரணம்.

இல்ல, உங்க கல்யாணத்துக்குன்னுதான் கேட்டீங்க, ஒத்துக்கறேன். கல்யாணம் முடிஞ்சிடுச்சு, அதுவும் தெரியும். யாரு கோட்டையோ இரவல் வாங்கிப் போட்டு நின்னீங்களாமே... விடுங்க சார், போட்டோவுல எல்லாரும் பொண்ணத்தான் பாப்பாங்க.

நான் சொல்றதக் கேளுங்க. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில நர்ஸ். ஆமா, ஆம்பள நர்ஸ். அவரு ஊசி போட்டா பச்சக் கொழந்த கூட அழாது, அப்படி ஒரு கை. அவருகிட்ட வேல கத்துக்கிட்ட பொண்ணுங்க எல்லாம் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சுங்க. இவரு மட்டும் இங்கயே கெடக்காரு. போறவங்கள வழியனுப்பறதே இவருக்கு இன்னொரு உத்தியோகமாப் போச்சு. அந்தப் பரீட்சை பாஸ் ஆனாத்தான் சார் அங்க வேல. இந்தத் தடவ விட்டா வயசு தாண்டிடும், அப்புறம் எடுத்துக்கவே மாட்டாங்களாம்.

அதுல என்ன கஷ்டமா? படிக்கறது, எழுதறது, பேசறது, எல்லாத்துலயும் தேறிடுவாரு. இந்தப் பொடி வார்த்தைங்கதான் கழுத்தறுக்குது. 'ஆன்', 'ஆஃப்', 'ஃபார்', 'வித்'... ஒவ்வொரு பெரிய வார்த்தைக்குப் பின்னாடியும் ஒரு பொடி வார்த்த வாலு மாதிரி வருதாம். 'டிபெண்ட்'னா 'ஆன்'. 'கேப்பபிள்'னா 'ஆஃப்'. மாத்திப் போட்டா மார்க் கெடையாது. ஏன் அப்படின்னு கேட்டா காரணமும் கெடையாது. அது அப்படித்தான். எங்க வீட்டுல நான் ஒரு குழம்புல உப்பு ஏன் கம்மின்னு காரணம் சொல்லாம இருந்தா விட்ருவாங்களா? இங்கிலீசுக்காரன் சொன்னா மட்டும் தலைய ஆட்டிட்டு மனப்பாடம் பண்றாங்க.

லேசாத் திரும்புங்க... அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். முதுகு திரைப் பக்கமா இருக்கட்டும். ஹாங், அதான்.

கோச்சிங் சென்டர்ல ஒரு மாஸ்டர் இருக்காரு, வாய் மட்டும் காது வரைக்கும். அவரு என்ன சொன்னாரு... "வீட்டுல நகராத பொருளாப் பாருங்க. ஒவ்வொரு பொருள்லயும் ஒரு பொடி வார்த்தைய மாட்டுங்க. பரீட்சை ஹால்ல கண்ண மூடினா வீடு தெரியும், பொருள் தெரியும், வார்த்த தன்னால வந்து நிக்கும்." நல்ல யோசனைதான், நான் இல்லங்கல. செவுரு இருக்கு, ஜன்னல் இருக்கு, எதுலயாவது மாட்ட வேண்டியதுதானே? இவரு சுத்திச் சுத்திப் பாத்துட்டு, அந்த 'ஆன்' இருக்கே, அதக் கொண்டு போயி எங்க அத்தை மேல மாட்டினாரு. பெத்த அம்மா மேல.

கேட்டா, "இந்த வீட்டுல அம்மாவ விட நகராத பொருள் எது"ங்கறாரு. சும்மா சொல்லக் கூடாது, அதுவும் நெசம்தான். காலைல அந்த நாற்காலில உக்காந்தா அத்தைக்கு அங்கயே பொழுது சாஞ்சிடும். 'டிபெண்ட்', 'இன்சிஸ்ட்', 'ரிலை', எல்லாம் அத்தை மேல. மொதல்ல அவங்களுக்குப் பெருமைதான், புள்ள நம்ம மேல இத்தன வச்சிருக்கானேன்னு. போன தடவ பரீட்சைக்கு மொத நாளு, மக வீட்டுக்குக் கெளம்பிப் போயிட்டாங்க. இவரு ஹால்ல கண்ண மூடறாரு... நாற்காலி தெரியுது. அத்தைய காணோம். ஒரு எடத்துலயும் 'ஆன்' வரல. ஃபெயில்.

அதுலருந்து அத்தை வாசல் தாண்ட முடியல. பையக் கையில எடுத்தாப் போதும், "அம்மா, நீ போனா என் எதிர்காலமே போயிடும்"னு குறுக்க விழுந்து படுத்துக்கறாரு. என் நாத்தனாரு போன் பண்ணி என்னத் திட்டறா, எங்கம்மாவ ஏன்டி கட்டிப் போட்டு வச்சிருக்கேன்னு. மாமியார அனுப்ப மாட்டேங்கறான்னு கெட்ட பேரு வாங்கின மருமக உலகத்துலயே நான் ஒருத்திதான் சார்.

சிரிக்காதீங்க, ஊசி குத்தும்.

'ஆஃப்' வந்து பாத்ரூம் கதவுல. 'அஃப்ரெய்ட்', 'டயர்ட்', 'அஷேம்ட்'... பயம், களைப்பு, வெக்கம், எல்லாம் அங்கதான். நம்ம அவசரத்துக்கு உள்ள போனா வெளிய கதவுகிட்ட நின்னு முணுமுணுன்னு படிப்பாரு. வர்றது கூட நின்னு போயிடும். 'ஃபார்' ஃபிரிட்ஜுல. அந்த நேரம் பாத்து ஃபிரிட்ஜு ரிப்பேராச்சு, மெக்கானிக் வந்து தூக்கிட்டுப் போயிட்டாரு. இவரு என்ன பண்ணாரு தெரியுமா? டூட்டி முடிஞ்சதும் நேரா அந்தக் கடைக்குப் போயி, ஃபிரிட்ஜு முன்னாடி கண்ண மூடிக்கிட்டு நிப்பாரு. மெக்கானிக் நல்ல மனுஷன், பாவம்... "அண்ணே, வெறும் கேஸ்தான் போயிருக்கு, மனச விட்றாதீங்க"ன்னு தோளத் தட்டிக் குடுத்தாராம்.

எனக்குக் கோவம் வராம இருக்குமா? வெட்டற மேசைய ஜன்னல் பக்கம் போட விட மாட்டாரு, ஏதோ ஒண்ணு அதுல தொங்குதாம். வெளிச்சமில்லாம தடவித் தடவி நூல் கோக்கறேன். ஆனா ஒரு நாளு டூட்டி முடிஞ்சு வந்து, செருப்பக் கூட கழட்டாம அப்படியே உக்காந்துட்டாரு. "இன்னொரு தடவையும் போச்சுன்னா, நான் சொல்லிக் குடுத்த புள்ளைங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்"னாரு. என்ன இருந்தாலும் நம்ம மனுஷன் இல்லையா? தலைகீழா நின்னாவது இவர பாஸ் பண்ண வச்சிடணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

அதான்... அந்த 'வித்'.

எந்த 'வித்'தா? சொல்றேன், கோவப்படக் கூடாது. அதுக்கு மட்டும் எடமே அமையல. காலண்டர்ல மாட்டிப் பாத்தாரு, மாசம் முடிஞ்சதும் தாளோட கிழிஞ்சு போச்சு. அப்பத்தான் நீங்க அளவு குடுக்க வந்தீங்க. வந்து நின்னீங்க பாருங்க ஒரு நிலை... கைய விரிச்சுட்டு, மூச்சு விடாம, ஆணி அடிச்சு வச்ச மாதிரி. திரைச் சந்துல உங்க முதுகப் பாத்துட்டு, "கெடச்சிடுச்சு"ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. 'அக்ரீ வித்', 'கோப் வித்', 'சாட்டிஸ்ஃபைட் வித்'... எல்லாம் உங்க முதுகுலதான் சார் இருக்கு.

திரும்பாதீங்க. அங்கதான் உக்காந்து படிச்சிட்டிருக்காரு.

பின்ன, கோட்டு முடிஞ்சிட்டா நீங்க வர மாட்டீங்களே? அதான் நீங்க அந்தப் பக்கம் போனதும் ஒரு கையப் பிரிச்சு வச்சிடறது. எப்பவும் ஒரே கை இல்ல, மாத்தி மாத்தித்தான், துணி நைஞ்சு போயிடக் கூடாதில்ல. என் தொழில்ல கொற சொல்ல முடியாது சார். உங்க கோட்ட நான் மொத வாரமே முடிச்சிட்டேன். தோளு அப்படி உக்காந்திருந்துச்சு. பிரிக்கும்போது எனக்கே மனசு கேக்கல.

நாளைக்குத்தான் பரீட்சை. இன்னிக்கு ஒரு பொழுது மட்டும் நின்னு குடுத்துடுங்க. டீ போடறேன், நின்னுக்கிட்டே குடிக்கலாம்... சார், ஊசி, ஊசி... இப்படியே எங்க போறீங்க? ஒரு கைதான் வச்சிருக்கு, தெருவுல பாக்கறவங்க என் தையலப் பத்தி என்ன நெனப்பாங்க? அத்தை, அவர கொஞ்சம் புடிங்க... ஐயோ, எந்திரிக்காதீங்க அத்தை, நீங்க எந்திரிக்கவே கூடாது, உக்காருங்க. சார், படி பாத்து எறங்குங்க...

என்னங்க? எதுக்கு இப்படிக் கத்தறீங்க? ... 'ஃப்ரம்'மா?

சார், நிக்காதீங்க சார், ஓடுங்க, நல்லா ஓடுங்க. இத்தன நாளா 'ஃப்ரம்' மட்டும் அவருக்கு எதுலயுமே ஒட்டல. நீங்க படியில எறங்கி ஓடறதப் பாத்ததும் பச்சக்குன்னு ஒட்டிக்கிச்சாம். 'எஸ்கேப் ஃப்ரம்'மாம்... சார், காது கேக்குதா? நாளைக்குக் காலைல, அவரு கெளம்பறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவ வந்து இதே மாதிரி ஓடிட்டுப் போயிடுங்க. ரெண்டு கையும் வச்சுத் தந்துடறேன்.