இடுப்பை வளைத்துத் தூக்கியவன்

— அசையாதீங்க. ஒத்தடம் இன்னும் முடியல.

— சுடுது, நீலா.

— உப்பு இருந்தா உப்பு ஒத்தடம் குடுப்பேன். மணல்தானே கெடைக்குது. காலு மரத்திருக்கா?

— இடது காலு இருக்கிறதே தெரியல புள்ள.

— நீங்க எப்படித் தூக்கினீங்க? தோட்டத்து ஸ்டோர்ல மூட்டை தூக்கப் புதுசா வர்றவனுக்கெல்லாம் நீங்கதானே சொல்லித் தருவீங்க, குந்து, மூட்டைய நெஞ்சோட அணை, காலால எந்திரின்னு?

— முனியாண்டி இருந்தான்னா ஆளுக்கொரு பக்கம் புடிப்போம். அவனத்தான் சயாமுல ரயில் பாத போட சப்பான்காரனுங்க ஏத்திட்டுப் போயிட்டானுங்களே. ஒண்டியாத் தூக்கினா இப்படித்தான்லா.

— அவரு போனதுலேருந்து ஒண்டியாத்தானே தூக்குறீங்க. அப்பல்லாம் ஒண்ணும் ஆகலியே.

— இன்னிக்கு அரிசி ஈரம். கனம்.

— மூஞ்சியத் திருப்பாதீங்க. பக்கத்து வீட்டுச் செல்லம் பாத்துட்டு வந்து சொன்னா. கால விறைச்சு நின்னுக்கிட்டு, இடுப்ப மட்டும் வளைச்சு, வெடுக்குன்னு தூக்கி, தூக்கின வாக்குல லோரி பக்கம் திரும்புனீங்களாம். ஒம் புருசனுக்குப் பைத்தியமாடின்னு கேட்டா.

— மெதுவாப் பேசு. வெளிய கேக்கும்.

— சொல்லுங்க.

— வேணும்னுதான் செஞ்சேன். நம்ம கோலா சாவா தோட்டத்துலேருந்து சயாமுக்குப் போனவன் ஒருத்தனாச்சும் திரும்புனானா? நிமிர முடியாதவனக் கொண்டுபோயி சப்பான்காரன் தண்டவாளம் போட வைக்கவா போறான்? லேசாப் புடிச்சிக்கும்னு நெனச்சேன். உள்ளார மளுக்குன்னுச்சு.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.

— சொன்னா விட்டிருப்பியா?

— விட்டிருப்பேன். அத நெனச்சாத்தான் எனக்கு என்னையே புடிக்கல.

— செருப்புச் சத்தம் கேக்குது. கங்காணி வர்றாரு. நீ எந்திரிச்சு நில்லு, உக்காந்திருந்தா மரியாத தெரியாதவம்பாரு.

— என்னடா மாயாண்டி, மூட்டையோட விழுந்தியாமே.

— இடுப்பு போச்சுங்க கங்காணி.

— எங்க, எந்திரிச்சுக் காட்டு. சயாமுக்குப் போறவன் பேரு வாசிக்கிற அன்னைக்கு லயத்து வீடு பூரா நொண்டிதான். எனக்குத் தெரியாதா?

— ம்ம்... அம்மா... முடியலீங்க.

— சரி, படு, படு. ஒடம்பெல்லாம் நடுங்குது. இது நடிப்பு இல்ல. ஒன்னைய இனிமே சயாமுக்குக் கேக்கமாட்டாங்க.

— நீங்க நல்லா இருப்பீங்க, சாமி. நீலா, கேட்டியா? கங்காணியக் கும்புட்டுக்க புள்ள.

— என்னையக் கும்புடாதீங்க. விடிஞ்சா சிரம்பான் ஸ்டேசனுக்கு லோரி கெளம்புது. வீட்டுக்கு ஒரு ஆளுன்னு சப்பான் தொரை சொல்லிட்டான், ஆம்பளைதான் வேணும்னு சொல்லல. நீலாவதி, நீ நல்லாத்தானே நிக்கிற?