கோவாவில் ஐடி கார்டு

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரே கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர் இருந்தார்கள்.

“கோவாவுல மூணு நாளும் கம்பெனி ஐடி கார்டோடவா சுத்துனீங்க?” என்று சிரித்தான் இளையவன்.

“மொத நாள் பழக்கதோஷத்துல மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன்டா. கடல் நல்லாத்தான் இருந்துச்சு. மீனும் பிரமாதம். ரூம்லதான் எல்லாமே ரெண்டு ரெண்டா வெச்சிருந்தாங்க, தலகாணி, டவல், டம்ளர்னு.”

“சரி, அடுத்த நாளாச்சும் கழட்டியிருக்கலாம்லண்ணா?”

பஸ் சூளகிரியைத் தாண்டியது.

“மொத நாள் ஹோட்டல்ல டிபன் வெச்ச பொண்ணு கார்டைப் படிச்சிட்டு, ‘குட்மார்னிங் முருகேசன்’னு சொல்லுச்சு. அங்க என் பேரச் சொல்ல வேற யாருடா இருந்தா? தெனமும் மாட்டிக்கிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.”