நாப்பத்தேழு நிமிஷம்

பொறாமையா, எனக்கா? விசாரணைன்னு வந்து நல்லா கேட்டீங்க சார். பதினோரு வருஷமா இந்த வாஷிங் மெஷின் கம்ப்ளெய்ன்ட் செக்‌ஷன்ல போன் எடுக்குறேன். நேத்து வந்தவ மேல எனக்கென்ன பொறாமை? சூப்பர்வைசர் போஸ்டுக்கு எங்க ரெண்டு பேர் பேரும் போயிருக்கு, அதுக்காக அவளப் பத்தி இல்லாததச் சொல்ல மாட்டேன்.

சரி சார், பொறாமைதான். வயிறெரியுது, போதுமா?

பின்ன என்ன சார், மியூட்டுன்னு அவளுக்குப் பேரு வச்சதே நாந்தான். டீக்குக் கூப்பிட்டா சிரிப்பா, வர மாட்டா. யாருக்காவது கேக் வெட்டினா சுவரோரமா நின்னு தின்னுட்டு, பேப்பர் தட்ட நாலா மடிச்சுப் போட்டுட்டு சீட்டுக்குப் போயிடுவா. நான் அப்படியா? இந்த ஆபீசே என் வாயிலதான் ஓடுது. ஆனா பாருங்க, கத்திக்கிட்டு வர்ற கஸ்டமர் என்கிட்ட வந்தா இன்னும் கத்துறான். அவகிட்ட போனா பத்து நிமிஷத்துல தேங்க்ஸ்மான்னு வைக்கிறான். என்ன பண்றா? ம் கொட்றா. அவன் மூச்சு விடுற இடம் பாத்து ஒரு ம். அவ்வளவுதான். நானும் கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பாத்தேன். மூணாவது ம்முக்குள்ள நாக்கு அரிக்குது சார்.

ஆமா, உங்க கால் லிஸ்ட்ல அவ பேருல சிவப்பு வட்டம் போட்டிருக்கீங்களே, பாத்தேன். ஒரே கால், நாப்பத்தேழு நிமிஷம், கம்ப்ளெய்ன்ட் நம்பர் போடல. வேலை நேரத்துல சிநேகிதிகூட அரட்டைன்னு நீங்க எழுதினா அவ பேரு அடிபட்டுடும், போஸ்ட் எனக்கு. அவளையே கேட்டீங்களா? பேசாம நின்னாளா? சொல்ல மாட்டா சார். அவகிட்ட எனக்குப் பிடிக்காததே அதான்.

அந்த நம்பர் எங்கண்ணன் போன் சார்.

அன்னிக்கு எனக்கு லீவு. அப்படி என்னதான் வித்தை வச்சிருக்கான்னு பாத்துடலாம்னு, என் நம்பர் தெரியாம இருக்க அண்ணன் போன்லேர்ந்து, வேற யாராவது எடுத்தா வச்சுட்டு, அவ லைன் கிடைக்கிற வரைக்கும் நாலு தடவ போட்டேன். குரல மாத்திக்கிட்டு, மெஷின்ல தண்ணி ஒழுகுதுன்னு ஆரம்பிச்சேன். ம்னா. துவைக்காம துணி கிடக்குன்னேன். ம்னா. அப்புறம் எப்படிப் போச்சுன்னே தெரியல, கிடக்குறதெல்லாம் என் துணிதான், எங்க வீட்டுக்காரரு விட்டுட்டுப் போயி எட்டு மாசமாச்சுன்னு சொல்லிட்டேன். இங்க எல்லார்கிட்டயும் வெளியூர் வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன் சார். இவ்வளவு பேசுறேனே, இத ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல.

போன வைக்கும்போது மெதுவா, நாளைக்குக் கொஞ்சம் லேட்டாவே வாங்கக்கா, உங்க லைனையும் நான் பாத்துக்கறேன்னு சொன்னா. அதோட சரி. இன்னிக்கு வரைக்கும் என்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல, உங்ககிட்டயும் சொல்லல.

அந்தக் கால் நாந்தான்னு எழுதிக்கோங்க சார். வயிறெரிச்சல் அப்படியேதான் இருக்கு. அத எழுத வேணாம்.