காலியிடத்தின் பக்கத்தில்

கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடித்த வேலை. யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பள்ளியை விட்டு நின்ற பிறகு, அக்கா தன் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வாங்கித் தந்த சில்லறை வேலைகளில் அதுவும் ஒன்று.

அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். அம்மா போனதும் பெரியம்மா என்னைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். யாராவது வந்தால், "இது தங்கச்சி பொண்ணு, நம்மகூடத்தான் இருக்கு" என்பாள். குடும்பப் படம் எடுக்கும்போது கேமரா என் கையில் இருக்கும். நான் குறை சொல்லவில்லை.

அக்கா ஒரு வைரச் சில்லின்மேல் லேசரை விழவைத்து, அதிலிருந்து ஒளியை ஒவ்வொரு துகளாக வாங்குவாள். குவாண்டம் கணினிக்கு அப்படிப்பட்ட ஒளிதான் வேண்டுமாம். லேசரை நன்றாகத் தணித்துவைத்தால், துகளுக்கு ஒரு தரம் கருவி 'டிக்' என்னும்.

"எங்கேர்ந்துக்கா வருது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"குறையிலேர்ந்து. எல்லா அணுவும் ஒழுங்கா உக்காந்திருந்தா இது வெறும் கல்லு, பூனை." என் நடையில் சத்தம் வராததால் அவள் வைத்த பெயர் அது. "ஒருத்தன் எடத்தக் காலி பண்ணணும். பக்கத்துலயே ஒரு வெளியாள், வேற வகை அணு, இருக்கணும். அப்பத்தான் மினுக்கும்."

"வெளியாள் மட்டும் இருந்தா?"

"யாரு கண்டுக்கப் போறா? உன்ன மாதிரி கம்முனு கெடப்பான்." சிரித்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வெகுநாளாகப் புரியாமல் இருந்த ஒன்று புரிந்தது, அவ்வளவுதான்.

சில்லைக் குளிரவைக்கத் திரவ நைட்ரஜன் பிடிக்க வேண்டும். தொட்டி இருக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. அந்த ஆவி நிறைந்தால் சுவாசிக்கக் காற்று இருக்காது. மூச்சு முட்டாது, தூக்கம் மாதிரி வரும் என்று அக்காதான் சொல்லியிருந்தாள். அதனால் ஒருவர் பிடிக்கும்போது இன்னொருவர் கதவைத் திறந்துபிடித்து நிற்பது எங்கள் வழக்கம். எச்சரிக்கை மணியும் உண்டு. அது சும்மாவே கத்தும் என்பதால் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

அன்று குழாயின் மூட்டு கசிந்தது. வெண்புகை அக்காவின் முழங்கால்வரை ஏறியது. நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். கதவு தானாக மூடிக்கொண்டது. பிறகு அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன்.

"ஏய் பூனை, கதவு மூடிக்கிச்சு பாரு," என்றாள், சாதாரணமாக. மணி கத்தியது. பிறகு தட்டினாள். ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. துகள்கள் வருவது போலவே இருந்தது.

விபத்து என்று போலீஸ்காரர்கள் நீங்களே எழுதிக்கொண்டீர்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

அந்தத் தட்டல் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. சமையலறைச் சுவரில் கேட்கும், அலமாரிக்குள் கேட்கும். பயமில்லை, பழகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் அக்காவின் நாற்காலி காலி. நான் அதன் பக்கத்தில்தான் உட்காருவேன். பெரியம்மா அந்த நாற்காலியையே பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ," என்பாள், அதனிடம்.

காலியிடத்தின் பக்கத்தில் இருந்தும் என்னை யாரும் பார்க்கவில்லையே, எங்கே பிசகியது என்று யோசித்தேன். அக்கா சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது. சுற்றிலும் நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான் ஒளி தெளியுமாம்.

இன்று காலை பெரியம்மாவின் முகத்திலிருந்து தலையணையை எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே காத்திருந்தேன். அவள் கை மெல்ல மெல்லக் குளிர்ந்தது. கண்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.