ஸைனுலாப்தீனைக் கொழுத்தவர் என்று எழுதிய தராசு

மேடையிலே வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மரியாதைக்குரிய மௌலவி அவர்களே, கிண்ணியாவிலிருந்து துறை கடந்தும் சல்லியிலிருந்து சைக்கிள் மிதித்தும் வந்து இந்த வெயிலில் நிற்கிற என் தோழர்களே, பெண்கள் பக்கத்துத் தாய்மாரே! மூட்டை தூக்கும் தங்கரத்தினம் நான், வணக்கமும் சொல்கிறேன், ஸலாமும் சொல்கிறேன். "இரங்கல் கூட்டத்திலே பகிடி விடாதே" என்று தலைவர் இரண்டு தரம் எச்சரித்துத்தான் என்னை மேடையில் ஏற்றினார். பயப்படாதீர்கள், தலைவரே! இன்றைக்குப் பகிடி விட்டிருப்பது நானில்லை. நமது சரக்கிறக்கும் நிறுவனம்!

இதோ அவர்கள் அனுப்பிய கடிதம். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன், பொறுத்துக் கேளுங்கள். "காலஞ்சென்ற தொழிலாளி ஸைனுலாப்தீன், அளவுக்கு மிஞ்சிய உடற்பருமனால் ஏற்பட்ட மயக்கத்தில் தவறி விழுந்து மரணமானார்."

உடற்பருமனா? யாருக்கு? நம்முடைய முதல் மூட்டைக்காரர் ஸைனுலாப்தீனுக்கா? கொட்டியாரக் குடாவில் நீந்தி வளர்ந்த அந்த உடம்புக்கா? இதை எழுதியவர் அவரை ஒரு நாளாவது கண்ணால் கண்டாரா?

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கப்பலின் சரக்கு சுமைப்படகில் வந்து இறங்குதுறையில் சேர்ந்ததும், படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பலகை போடுவோம். ஒன்றரை அந்தர், அதாவது நூற்று அறுபத்தெட்டு இறாத்தல் அரிசி மூட்டையோடு அந்தப் பலகையில் முதலில் நடப்பவர்தான் முதல் மூட்டைக்காரர். அவருக்குத் தாங்கினால் மற்றவர்களுக்கும் தாங்கும். பதினாறு வருடம் அந்த முதல் நடையை நடந்தவர் ஸைனுலாப்தீன். ஒரு நாள் பலகை வெடித்தபோது மூட்டையைத் தண்ணீரில் விடாமல், ஒரே எட்டில் கரைக்குப் பாய்ந்தவர். மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி, என்னைக் காட்டி, "வேற பலகை போடுங்கடா, இது தங்கண்ணனையும் தாங்காது" என்றவர்!

அப்படிப்பட்டவரை என்ன செய்தார்கள்? நிரந்தரப் பதிவு தருகிறோம், அதற்கு முன் வைத்தியப் பரிசோதனை என்றார்கள். மூட்டை நிறுக்கிற அதே தராசிலே நம்மையும் ஏற்றினார்கள். ஸைனுலாப்தீனின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். எடை நூற்று எண்பத்திரண்டு இறாத்தல். டொக்டர் ஒரு அட்டவணையில் விரலை வைத்து இழுத்தார். அந்த உயரத்துக்கு நூற்று ஐம்பத்தாறுக்கு மேல் போகக் கூடாதாம்.

"உமக்குக் கொழுப்புக் கூட" என்றார் டொக்டர்.

"ஐயா, கையைப் பிடிச்சுப் பாருங்கோ. கொழுப்பெண்டா அமுங்கும்தானே?"

"பிடிச்சுப் பார்க்கிறதுக்கு இதில இடமில்லை."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அட்டவணை பழசாக்கும், ஐயா" என்றேன்.

"புதுக் கணக்கும் இருக்கு. எடையை உயரத்தால ரெண்டு தரம் பிரிக்கிறது. அதிலயும் இவர் குண்டுதான்."

அடுத்தது நான் ஏறினேன். அதே உயரம். நூற்று முப்பத்தெட்டு. டொக்டர் தலையை ஆட்டி, "நல்லது, மிக நல்லது" என்றார்! தோழர்களே, என்னைப் பாருங்கள். கால் இரண்டும் ஈர்க்குக் குச்சி, நடுவிலே ஒரு பானை. இந்த மேடையின் மூன்று படி ஏறவே எனக்கு மூச்சு வாங்கியது. நான் மிக நல்லவனாம், ஸைனுலாப்தீன் தகுதியில்லாதவராம்! வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "தங்கண்ணே, உங்கட வயித்தை எந்த அட்டவணைக்குள்ள ஒளிச்சு வச்சீங்க?" நாங்கள் இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்தோமே, பாவிகள்!

ஏனென்றால் மூன்று மாதத் தவணை கொடுத்திருந்தார்கள். எடையைக் குறைத்து வந்தால் பதிவு, இல்லையென்றால் கதவு. அவர் குறைத்தார். எதைக் குறைத்தார்? குறைப்பதற்குக் கொழுப்பு எங்கே இருந்தது? தோளைக் குறைத்தார். தொடையைக் குறைத்தார். அவருடைய மனைவி நஜ்முன் நிஸா, கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருக்கிறார், இங்கே வர முடியாது. என் வீட்டுக்காரி போய் இருந்து கேட்டு வந்தாள். "சோத்தைக் கோழிக்குப் போட்டுட்டு, சாப்பிட்டுட்டன் எண்டு சொன்னாரு. கோழி கொழுத்த பிறகுதான் எனக்கு விளங்கின" என்று அழுதாராம்.

பன்னிரண்டு கிழமைக்குப் பிறகு, தவணை முடிகிற நாளில், தராசு நூற்று ஐம்பத்து நான்கு காட்டியது. டொக்டர் கைகுலுக்கினார். பதிவு கிடைத்தது.

இனிச் சொல்லப் போவது நம்முடைய குற்றம். அன்றைக்கே துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. "முதல் மூட்டை அவருக்குத்தான்" என்று எல்லோரும் கூவினோம். மரியாதை செய்கிறோம் என்று நினைத்தோம். ஒரு மாதம் சோறு போட்டு உடம்பைத் தேற்ற வேண்டிய மனிதனுக்கு, நம்முடைய கையாலேயே ஒன்றரை அந்தரைத் தூக்கித் தோளில் வைத்தோம்! அதில் ஒரு கை என்னுடையது. அவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. முதல் மூட்டையை எப்படி வேண்டாம் என்பார்? பலகையின் நடுவிலே முழங்கால் மடிந்தது. படகுக்கும் இறங்குதுறைக்கும் இடையில் விழுந்தார். தலை தூணில் அடித்தது. அவ்வளவுதான்.

பசியால் விழுந்தவரைப் பருமனால் விழுந்தார் என்று எழுதியிருக்கிறார்கள்! கடைசியாக நிறுத்த எடையை ஏன் பார்க்கவில்லை? முதல் தாளைப் பார்த்துக் கொப்பியடித்தார்கள், அதுதான் நடந்தது.

அட்டவணை முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கன்டீன் ஹிஸ்புல்லா முதலாளிக்கு அது சரியாகத்தான் சொன்னது. அவர் வட்டிலப்ப இனிப்பைக் குறைத்தார், இப்போது சுகமாக நடக்கிறார். கதிரையில் இருந்து வேலை செய்கிற நூறு பேரைத் தூரத்தில் நின்று பார்ப்பதற்கு அந்தக் கணக்கு உதவட்டும். ஆனால் ஐயாமாரே, தராசுக்கு என்ன தெரியும்? இறாத்தல் தெரியும். அந்த இறாத்தல் தோளிலே இருக்கிறதா, தொப்பையிலே இருக்கிறதா என்று தெரியுமா? சதையும் கொழுப்பும் அதற்கு ஒன்றுதான். வைத்தியம் படித்த மனிதருக்குமா ஒன்று?

வருகிற திங்கட்கிழமை பதினொரு பேருக்கு அதே பரிசோதனை. அந்தப் பதினொரு பேரில் ஒருவன், சல்லியைச் சேர்ந்த கதிரவேல், இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறான். தலையைக் குனியாதே, தம்பி! முன்கூட்டியே நிறுத்துப் பார்த்து, இவனுக்கும் இருபது இறாத்தல் கூட என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாலு நாளாக வெறும் தேத்தண்ணி. காலையில் கேட்டேன், "ஏன்டா இப்படி?" என்று. "பதிவு வேணுமண்ணே. மூண்டு பிள்ளையள். பட்டினி கிடந்தாலும் பிழையில்ல" என்றான். ஸைனுலாப்தீனைப் புதைத்து ஒன்பது நாள்கூட ஆகவில்லை!

ஆகவே தலைவர் அவர்களே, சங்கத்தின் பெயரால் சொல்கிறேன். திங்கட்கிழமை ஒருவரும் அந்தத் தராசில் ஏற மாட்டோம். இடுப்பை நாடாவால் அளக்கட்டும். நெஞ்சிலே குழாயை வைத்துக் கேட்கட்டும். தோளில் மூட்டையோடு நடக்கவிட்டுப் பார்க்கட்டும். நாடாவைக் கண்டு முதலில் தோற்கப் போகிறவன் நான்தான், தெரியும். தோற்கிறேன்! அந்தக் கடிதத்தில் பருமன் என்ற சொல்லை வெட்டி, பட்டினி என்று எழுதும் வரை ஒரு மூட்டையும் இறங்காது. சம்மதமானவர்கள் கையை உயர்த்துங்கள்.

கண்டேன். கையைக் கீழே போடலாம்.

வழக்கப்படி இப்போது இரண்டு நிமிடம் எழுந்து நிற்க வேண்டும். நிற்போம், ஆனால் கொஞ்சம் பிந்தி. என் வீட்டுக்காரி கட்டித் தந்த சோற்றுப் பார்சல் என் கையில் இருக்கிறது. மீன் குழம்பு, ஒரு முட்டை. கதிரவேல், மேடைக்கு வா. இத்தனை பேருக்கு முன்னால் இருந்து சாப்பிடு. நீ கை கழுவிய பிறகுதான் நாங்கள் ஸைனுலாப்தீனுக்காக எழும்புவோம்.

வா, தம்பி. எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறோம்.