கத்தியும் முள்ளுக்கரண்டியும்

புளிக்கவைத்த முட்டைக்கோவா எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, ஐயா. அன்றைக்கும் அதைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

என் தம்பி நிமலன் ஜேர்மனியில் முப்பது வருடம் கோப்பை கழுவியவன். திரும்பி வந்து, சண்டைக்காலமெல்லாம் நான் காவல் கிடந்த, சரவணை ஊரிலிருக்கும் எங்கள் வீட்டின் முன்பக்கத்தை ஜேர்மன் சாப்பாட்டுக்கடையாக்கினான். பன்றித்தொடை, உருளைக்கிழங்கு உருண்டை, பிடிவைத்த கிளாசில் பியர். அற்பனுக்கு வாழ்வு வந்தால் குடை பிடிப்பானாம்; இவன் அறுபது வயதில் தோல் அரைக்காற்சட்டை போட்டான்.

எனக்குச் சாப்பிடப் பழக்கினதும் அவன்தான். கையால் தொடக்கூடாது. சத்தம் போடக்கூடாது. கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் குறுக்கே வைத்தால் இன்னும் சாப்பிடுகிறோம் என்று அர்த்தம். பரிமாறுகிற கோபிகா கிட்ட வரமாட்டாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிந்தது, வருவாள். இரண்டு பிள்ளை பெற்றவளை மாடு பழக்குவதுபோலப் பழக்கியிருந்தான்.

அன்று மத்தியானம் கடையில் வேறு ஆட்களில்லை. நிமலன் எனக்கு எதிரே, கோபிகா நின்ற குசினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து இருந்தான். வாய் நிறைய இறைச்சியோடு சொன்னான்.

"அண்ணை, நாளைக்கு உங்கட அறையை இடிக்கப்போறம். வாற ஆக்களுக்கு ரொயிலற் கட்டவேணும். காரைநகரில உங்களுக்கு ஒரு இடம் பாத்திருக்கிறன்."

"எனக்குப் போக ஏலாது."

"அங்க உங்கட வயசுக்காரர் இருப்பினம். பொழுது போகும்." சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு இறைச்சித் துண்டு தொண்டையில் போய் அடைத்துக்கொண்டது.

முதுகில் இரண்டு குத்துக் குத்தினால் வந்துவிடும். சின்ன வயதில் அவனுக்குப் பனங்கிழங்குப் புழுக்கொடியல் விக்கியபோது நான்தான் குத்தினேன்.

இந்த முறை என் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் குறுக்கே வைத்தேன். எட்டி, அவனுடையதையும் அப்படியே வைத்தேன். அவன் எழும்பப் பார்த்தான். அவனுடைய இரண்டு கைகளையும் மேசையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் கை தோட்டம் கொத்தின கை. அவனுடையது கோப்பை கழுவின கை. கோபிகா பாதி வழி வந்து, கோப்பைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

செத்தவீட்டில் அவள் எல்லோருக்கும் அழுதழுது சொன்னாள். "ஐயா கடைசிவரைக்கும் தம்பியாற்ற கையை விடேல்லை."

ஓம், விடவில்லை. அவன் அடங்கின பிறகுதான் விட்டேன். பிறகு கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவள் வந்தாள்.

ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். சாப்பாட்டு மேசையில் சத்தம் போடக்கூடாது, ஐயா. அவன் என்னை நாகரிகம் தெரியாத காட்டான் என்றுதான் கடைசிவரைக்கும் நினைத்திருந்தான்.